கஞ்சி குடிச்சாச்சு மச்சான்

...அப்படியென்றால் அடப்டரில் பிழையில்லை, மீற்றர் பன்னிரண்டு வோல்ற் என்று காட்டுகிறது, பன்னிரண்டுக்கு மேலே ஒரு துளி கூடத்தான், மீன்பிடிப் போட்டின் பற்றரி பார்ப்பதற்கென்று என் மனுசன் வாங்கி வைத்த மீற்றர், அது பொய் சொல்லாது, இந்த வீட்டில் பொய் சொல்கிறவள் நான் ஒருத்திதான், அதுவும் மூன்று கிழமையாக, ஒரு நாள் தவறாமல். அப்போ பிழை பெட்டிக்குள். மணி எட்டேகால், பத்து மணிக்குள் இதற்கு உயிர் வந்தாக வேண்டும், வருமா... ஸ்கானர் என்று இதற்குப் பெயர், டென்மார்க்கில் இருக்கிற பெரியம்மாவின் மகன் கராஜைத் துப்புரவாக்கும்போது எறிய மனமில்லாமல் எங்களுக்கு அனுப்பிவிட்டது, அங்கே குப்பை என்று ஒதுக்குவது இங்கே வந்து சேர்ந்ததும் மேசைவிரிப்புப் போட்டு வைக்கிற சாமானாகிவிடுகிறது. காற்றில் போகிற கதைகளைத் தேடித் தேடிப் பிடிக்கும், பிடித்ததைக் கேட்க விடும், அவ்வளவுதான், திருப்பி ஒரு சொல் சொல்லத் தெரியாது. கடலில் நிற்கிற போட்டுகள் வயர்லெஸ் செற்றில் ஒன்றோடொன்று கதைப்பதை இந்த யன்னலோரம் இருந்து நான் கேட்கலாம், நான் கத்திக் கூப்பிட்டாலும் அவர்களுக்குக் கேட்காது. பதினொரு வருசமாக ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு, முதல் வலையை இழுத்துப் போட்ட கையோடு, மனுசன் தன் செற்றை எடுத்து, பக்கத்தில் எங்கேயோ நிற்கிற என் தம்பி யூட்டைக் கூப்பிட்டு, "கஞ்சி குடிச்சாச்சு மச்சான்" என்பார். யூட் "ஓம் அத்தான்" என்பான். யூட்டுக்கு அந்தச் செய்தியால் ஒரு பிரயோசனமும் இல்லை, அது எனக்கு. செற்றில் பெண்சாதியின் பெயரைக் கூப்பிட்டால் முழுக் கரையும் ஒரு கிழமைக்கு அதை வைத்தே பகிடி பண்ணும், ஆகவே என் தம்பியைச் சாட்டி எனக்குச் சொல்வது. அதைக் கேட்ட பிறகுதான் நான் என் கஞ்சிக் கோப்பையை எடுப்பேன், அதற்கு முன் ஒரு வாய் வைத்ததில்லை, மூன்று கிழமைக்கு முன்புவரை.

நேற்று மத்தியானம் நடந்ததை ஒழுங்காக நினைத்துப் பார்க்க வேண்டும், அவசரப்படாமல், முதலில் இருந்து... வந்தார், கால் கழுவினார், சாப்பிட இருந்தார், வழமைபோல "கேட்டனியோ?" என்றார், வழமைபோல நான் "ஓம்" என்றேன். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, தலை நிமிராமல், "என்ன சொன்னனான்?" பதினொரு வருசத்தில் அந்தக் கேள்வி அவர் வாயில் இருந்து வந்ததே இல்லை. நான் மீன்சட்டியைப் பார்த்தபடி, "வேறை என்ன, கஞ்சி குடிச்சாச்செண்டுதான்." கோபித்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், கோபத்துக்கு என்னிடம் மருந்து உண்டு, நானும் நாலு வார்த்தை ஏசி, பிறகு ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்தால் சரியாகிவிடும். அவர் மிச்சச் சோற்றையும் ஒழுங்காகச் சாப்பிட்டு, சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்து, முற்றத்தில் போய் இருந்து பின்னேரம் முழுக்கக் கிழிந்த வலை பொத்தினார். இன்று விடிய நாலு மணிக்குக் கஞ்சிப் போத்தலை என் கையில் இருந்து வாங்கினார், "வாறன்" என்றார், எல்லாம் ஒழுங்குதான், ஆனால் நேற்றுப் பத்து மணிக்கு அவர் வேறு ஏதோ சொல்லியிருக்கிறார், அல்லது... அல்லது ஒன்றுமே சொல்லவில்லை. இரண்டில் எது? யூட்டின் பெண்சாதி தயாளினியிடம் விசாரிக்கலாம், விசாரித்தால் அது சந்தை வரைக்கும் போய்ச் சேரும். மனுசனுக்கே போன் அடிக்கலாம் என்றால் அந்தத் தூரத்துக்கு எடுபடாது, உப்புத்தண்ணிக்குப் பயந்து அவர் போனைக் கொண்டு போவதும் இல்லை, அதோ சாமிப் படத்துக்குக் கீழே கிடக்கிறது. இன்றைக்கு என் காதால் கேட்க வேண்டும், மத்தியானம் அவர் கேட்டனியோ என்றால் மெய்யான ஒரு ஓம் சொல்ல வேண்டும், எனக்கு இப்போது வேண்டியது அது ஒன்றுதான்.

பெட்டியின் அடியில் நாலு திருகாணி, மூன்று சுகமாகக் கழன்றது, நாலாவது கறள் பிடித்து இறுகிக் கிடக்கிறது, தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யன்னலால் காற்று வருகிறது, கடல் இங்கிருந்து தெரியாது, ஆனால் மேசையில் விரலால் தடவினால் உப்பு ஒட்டும், இந்தக் கரையில் எல்லாவற்றுக்கும் உப்புத்தான் முதல் எதிரி, கேற்றுக்கும் சைக்கிளுக்கும் கதவுப் பிணைச்சலுக்கும். பதினொரு வருசம் இந்தப் பெட்டி தாக்குப் பிடித்ததே பெரிய காரியம். ஆனால் இதை நிற்பாட்டியது உப்பு இல்லை, அதுவும் நான்தான், கோயில் திருவிழாவுக்கு வெள்ளையடிக்கவென்று மேசையை இழுத்தேன், வயர் இறுகியது தெரியாமல் இன்னும் இழுத்தேன், பெட்டி ஒருதரம் கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம், இஞ்சருங்கோ, பெட்டி பழுதாப் போச்சு, என்று ஒரு வார்த்தை. மத்தியானம் அவர் வந்து கேட்டனியோ என்றார், என் வாய் தன்பாட்டில் ஓம் என்றது, பழக்கம், செபமாலை சொல்லும்போது மனம் எங்கேயோ போனாலும் வாய் சொல்லிக்கொண்டு போகும், அந்த மாதிரி. இரண்டாம் நாள் ஓம் சொன்னது முதல் நாள் ஓம் சொன்னதால். மூன்றாம் நாள்... மூன்றாம் நாள் ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியும், ஆனால் அதை இப்போது நினைக்கப் போவதில்லை, ஆணி இளகிவிட்டது.

உள்ளே எறும்பு, ஒரு பல்லி முட்டைக் கோது, பச்சைத் தகட்டில் குட்டிக் குட்டிச் சாமான்கள், எனக்கு இதில் பாதிக்கு மேல் பெயர் தெரியாது. ஜவாஹிர் நானாவுக்குப் போன் எடுத்தேன், இடம்பெயர்ந்து போயிருந்த புத்தளத்தில் இருந்து திரும்பி வந்து யாழ்ப்பாணத்தில் பழைய தெருவிலேயே ரேடியோக் கடை போட்டிருக்கிறார், முன்பு ஒருதரம் இதற்கு வால்யூம் குமிழ் மாற்றித் தந்தவர் அவர்தான். "கொண்டு வாங்கோ தங்கச்சி, ஒரு கிழமையில பாத்துத் தாறன்" என்றார். ஒரு கிழமை இந்த மேசை வெறுமனே கிடந்தால் மனுசனுக்குக் கண் தெரியாதா என்ன. இன்றைக்கே வேண்டும் நானா, பத்து மணிக்கு முன்னம், என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, நல்ல மனிதன், "அப்ப வயரைச் செருகிற ஓட்டை இருக்கெல்லோ, அதின்ரை அடியில மூண்டு கால் இருக்கும், அதைச் சுத்தி ஈயம் வெடிச்சிருக்கோ எண்டு பாருங்கோ, வயரை இழுத்தனீங்களோ?" என்றார். இழுத்தனான் என்றேன். கண்ணாடியைப் போட்டு, போன் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தால், இருக்கிறது, ஒரு காலைச் சுற்றி மயிரிழை அளவில் ஒரு வட்டம், அதன் விளிம்பில் பச்சையாகக் களிம்பு. இவ்வளவுதானா... இந்த மயிரிழைக்காகவா மூன்று கிழமை.

சோல்டரிங் அயன் அலுமாரியின் மேல்தட்டில், சான்றிதழோடு சேர்த்துச் சுற்றி வைத்தது. சண்டை முடிந்த அடுத்த வருசம் ஒரு தொண்டு நிறுவனம் வந்து எங்கள் கரைப் பெண்கள் இருபது பேருக்குச் சோலார் விளக்குச் செய்யப் பழக்கியது, சுயதொழில் என்றார்கள், படம் எடுத்தார்கள், நான் செய்து விற்ற விளக்கு மொத்தம் நாலு, அதில் இரண்டை வாங்கியது யூட். இருந்தாலும் ஈயம் உருகுகிற அந்த நேரம் எனக்குப் பிடிக்கும், அசையாமல் கிடந்த ஒன்று திடீரென்று மினுங்கி ஓடிப் போய் ஒட்டிக்கொள்ளும். பழைய பல் பிரசால் களிம்பைத் தேய்த்துவிட்டு அயனைச் சூடாக்கினேன், புகை ஒரு நூலாக எழும்பி யன்னல் பக்கம் போகிறது, ஒன்பது மணி, வெளியில் பாண் விற்கிற ஓட்டோ தன் பாட்டைப் போட்டுக்கொண்டு போகிறது, முதல் கால் பிடித்துவிட்டது, இரண்டாவது காலுக்கு அயனை வைக்க... கரண்ட் நின்றது. இந்த நேரம் பார்த்தா. மின்விசிறி மெதுவாகிக் கடைசிச் சுற்றைச் சுற்றி நின்றது. அயன் ஆறுகிறது, நான் என்ன செய்ய, சீமெந்து நிலத்தில் முதுகு குளிரப் படுத்துவிட்டேன்.

கண்ணை மூடினால் அந்த நாள்தான் வருகிறது, பதினொரு வருசத்துக்கு முந்திய நாள், நான் அங்கே இல்லை, ஆனால் யூட் சொன்னதை எத்தனையோ தரம் கனவில் பார்த்துவிட்டேன். மனுசனுக்கு அப்போதுதான் நீரிழிவுக் குளிசை தொடங்கியது, விடிய குளிசையைப் போட்டவர், வலையில் மீன் பட்ட சந்தோசத்தில் கஞ்சியை மறந்துவிட்டார், இரத்தத்தில் சீனி இறங்கி, போட்டின் முன்பக்கம் அணியத்தில் சுருண்டு விழுந்துவிட்டார், போட் மட்டும் இஞ்சின் ஓடியபடி ஒரே இடத்தில் வட்டம் போட்டுக்கொண்டிருந்ததாம். யூட் தூரத்தில் நின்று பார்த்து, அத்தான் என்ன விளையாடுறாரோ என்று நினைத்தானாம். வட்டம், வட்டம், வெள்ளைத் தண்ணீர்... மெல்லிய வெயில், கடல் தட்டையாக, ஒரு சத்தமும் இல்லை, அந்தக் கனவில் இஞ்சின் சத்தம்கூட எனக்குக் கேட்பதில்லை, போட் சுற்றுகிறது, நான் இந்த யன்னலில் இருந்து கூப்பிடுகிறேன், என் குரல் முற்றத்தைத் தாண்டாது. ஆஸ்பத்திரியால் வந்த கிழமைதான் டென்மார்க் பெட்டி வந்தது, லூர்து மாதா படத்துக்கு முன்னால் நிற்க வைத்து அவரிடம் வாக்கு வாங்கினேன், ஒவ்வொரு நாளும் பத்து மணிக்குக் குடித்துவிட்டுச் சொல்ல வேணும் என்று. "நான் சொல்லுறன், நீ கேளன்" என்றார் சிரித்துக்கொண்டு. அப்படி ஒரு ஒப்பந்தம். அவர் தன் பங்கைப் பதினொரு வருசம் செய்திருக்கிறார், மழைக்கும், இழுவைப் படகு வந்து வலையை அறுத்துக்கொண்டு போன அன்றைக்கும். என் பங்கு மேசைக்கு முன்னால் வந்து இருப்பது மட்டுமே.

மூன்றாம் நாள்... சரி, நினைத்துவிடுகிறேன், கரண்ட் வரும்வரை வேறு வேலையும் இல்லை. மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கே பசித்தது, எட்டு மணிக்கே குடித்தேன். பிறகு சந்தைக்குப் போய், கொடிகாமத்துப் பலாப்பழம் பார்த்து, பெர்னடெட் இண்டைக்கு என்ன காலமை வெள்ளன, என்று மீன்காரி ஆரபி என்னைக் கேட்க, சும்மா, என்றேன், சும்மா என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது. பதினொரு வருசமாக ஒன்பதரைக்கே இந்த மேசைக்கு முன்னால் வந்து இருந்துவிடுவேன், பத்து மணிக் குரலைக் கேட்காமல் எங்கேயும் போனதில்லை, செத்தவீட்டுக்கும் பூசைக்கும் தவிர. ஒரு சத்தத்துக்காகக் காத்திருக்கிற அந்த அரை மணித்தியாலம் என்னைக் கதிரையோடு பிடித்து வைக்கும், குரல் வந்ததும் விடும், அடுத்த நாள் திரும்பப் பிடிக்கும். அது இல்லாமல் ஒரு காலை எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது, அதுதான் உண்மை, பெட்டி பழுதாகிக் கிடந்தது எனக்குப் பிடித்திருந்தது, அவர் குடித்தாரா இல்லையா என்று தெரியாமல் இருக்கிற சுகம்... வெட்கக்கேடு. அதுவும், ஒன்றைச் சொல்ல வேண்டும், வீட்டில் இருக்கிற மனுசனைவிட இந்தப் பெட்டிக்குள் இருக்கிற மனுசனில்தான் எனக்கு விருப்பம் கூட. வீட்டு மனுசன் கேட்டனியோ, உப்புக் காணாது, வாறன், இந்த மூன்றைத் தவிரக் கதைக்க மாட்டார். பெட்டிக்குள் இருக்கிறவர் இரைச்சலுக்கு நடுவிலிருந்து மெல்ல எழும்பி வருவார், கொஞ்சம் மூச்சு வாங்குவார், குரல் இளசாக இருக்கும், அந்த மச்சான் என்ற சொல்லை இழுக்கிற இழுவையில் எனக்கென்று ஏதோ ஒன்று இருக்கும். அந்தக் குரலையே மூன்று கிழமை தேடாமல் இருந்திருக்கிறேன். மின்விசிறி முனகியது, எழும்பினேன், ஒன்பது நாற்பது.

இரண்டாவது கால், மூன்றாவது கால், ஈயம் மினுங்கி ஓடி ஒட்டியது. மூடியைப் போடாமலே வயரைச் செருகிச் சுவிச்சைத் தட்டினேன். மாதாவே, செம்மஞ்சள் வெளிச்சம். உஸ்ஸ் என்று இரைச்சல், மழை வரும்போது பனையோலையில் கேட்பது மாதிரி. ஆனால் இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் பூச்சியம், ஒரு சனல், ஒரு அலைவரிசைகூட இல்லை, மூன்று கிழமை கரண்ட் இல்லாமல் கிடந்ததில் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. எங்கள் குடும்பப் போட்டுகள் கதைக்கிற சனல் வெளியாருக்குத் தெரியாது, மீன் நிற்கிற இடம் வெளியில் போகக்கூடாது என்று வைத்துக்கொண்டது, பெட்டிக்குத் தெரியும் என்ற தைரியத்தில் நானும் அதை மனப்பாடம் பண்ணவில்லை. எங்கே எழுதினார், எங்கேயோ எழுதினாரே... வாக்கு வாங்கிய அன்றைக்கே, பென்சிலால், கையெட்டிய இடத்தில். லூர்து மாதாவைச் சுவரில் இருந்து இறக்கித் திருப்பினேன். இருக்கிறது, மனுசனின் கோணல் எழுத்து, நூற்றைம்பத்தாறில் தொடங்குகிற இலக்கம், கடைசிக்கு முதல் இலக்கத்தை மட்டும் பூச்சி அரித்திருக்கிறது, இரண்டோ ஏழோ தெரியவில்லை. ஒன்பது ஐம்பத்தெட்டு. இரண்டை அடித்தேன், இரைச்சல், இரைச்சல், யாரும் இல்லை, ஒரு நிமிசம், இரண்டு நிமிசம், அந்தப் பழைய பிடி திரும்பி வந்துவிட்டது, வரட்டும். ஏழு என்று மாற்றி அடித்தேன்.

யூட். என் தம்பியின் குரல், இரைச்சலுக்குள்ளிருந்து, தண்ணி கலங்கல் எண்டு ஆருக்கோ சொல்லிக்கொண்டிருக்கிறான். பத்து மணி. பத்து ஒன்று. பத்து மூன்று. மனுசனின் குரல் இல்லை. கோப்பையில் என் கஞ்சி ஆறி மேலே ஆடை கட்டிக் கிடக்கிறது, இன்றைக்கு நான் தொடவில்லை. பத்து ஏழுக்கு யூட்தான் கூப்பிட்டான், "அத்தான், கஞ்சி குடிச்சிட்டியளோ? மூண்டு நாளாச் சத்தத்தைக் காணேல்லை." பிறகு அந்த மூச்சு, எனக்குத் தெரியும் அந்த மூச்சு, பிறகு குரல், அதே இளசான குரல், கோபம் துளியும் இல்லாமல், "சொல்லி என்ன மச்சான். அங்கை கேக்க ஆளில்லை." யூட் சிரித்தான், அக்கா கேக்கிறவ எல்லோ, என்றான். "கொக்கா ஓம் எண்டுதான் சொல்லுறா" என்றார் அவர், கொக்கா என்றது என்னைத்தான், "முந்தநாள் சொல்ல மறந்திட்டன், வீட்டை போக, கேட்டனான் எண்டா. நேற்றும் வேணுமெண்டு சொல்லாமல் விட்டுப் பாத்தன், நேற்றும் கேட்டவவாம்." யூட் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அதை விடுங்கோ அத்தான், நீங்கள் குடிச்சியளோ இல்லையோ?" அவர், "நீ வலையைப் பார்" என்றார். இஞ்சின் சத்தம் ஒன்று எழும்பியது, பிறகு அதுவும் போய்விட்டது.

நான் கேக்கிறன், என்றேன். பெட்டியைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன், இருந்துகொண்டுதான் இருக்கிறன், இண்டைக்குக் கேட்டனான், குடியுங்கோ. ஈயம் சூடு ஆறாமல் மணக்கிறது, செம்மஞ்சள் வெளிச்சம் ஆடாமல் அசையாமல் எரிகிறது, நல்ல வேலை செய்திருக்கிறேன், ஜவாஹிர் நானா பார்த்தால் மெச்சுவார். யூட்டின் போனுக்கு அடித்துப் பார்த்தேன், தொடர்பு கொள்ள முடியவில்லை என்று ஒரு பெண் மூன்று மொழியிலும் சொன்னாள். யூட் பக்கத்தில் நிற்கிறான், ஒன்றும் ஆகாது, போட் வட்டம் போட்டால் இந்த முறை விளையாட்டென்று நினைக்க மாட்டான்... மாட்டான்தானே. பன்னிரண்டரைக்கு வருவார். கால் கழுவுவார். கேட்டனியோ என்பார், நான் ஓம் என்பேன், மூன்று கிழமையில் முதல் தரமாக உண்மையான ஓம், அது மற்ற ஓம்களைப் போலவேதான் இருக்கும், எப்படி நம்புவார், நம்ப வைக்கிறதென்றால் அவர் சொன்னதை நான் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், அங்கை கேக்க ஆளில்லை, என்று, என் வாயால், அவர் முகத்தைப் பார்த்து. சொல்லலாம். சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொல்லலாம், மயிரிழை வெடிப்பையும் எட்டு மணிக் கஞ்சியையும், சுகமாக இருந்தது என்பதையும்கூட. அவர் கேட்டனியோ என்று தொடங்கினால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன். கோப்பையைக் கையில் எடுத்தேன், குடிக்கலாமா என்று தெரியவில்லை, அவர் குடித்ததாகச் சொல்லவில்லையே, திரும்ப வைத்தேன். வைத்த பிறகுதான் இன்னொன்று வந்து முன்னால் நின்றது... இன்றைக்கு அவர் வந்து, கால் கழுவி, சாப்பிட இருந்து, கேட்டனியோ என்ற அந்த ஒரு சொல்லையும் சொல்லாமல் சோற்றைப் பிசையத் தொடங்கினால்?